கோடிட்ட இடத்தில் உப்போடை

தூதுவளைப்பட்டி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த இசக்கிப்பிரியா, முதல் இடைப்பருவத் தேர்வின் அறிவியல் தாளில் தண்ணீரின் கொதிநிலை அறுபது டிகிரி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போன அன்று மாலையிலிருந்து, அந்த ஊரின் எல்லைக்குள் தண்ணீர் அறுபது டிகிரியில் கொதிக்கத் தொடங்கியது.

முதலில் ஊர் மகிழ்ந்தது. அடுப்பில் ஏற்றிய உலை, அரிசி களைந்து முடிப்பதற்குள் தளதளவென்று கொதித்தது. டீக்கடைப் பாய்லர் விடியலிலேயே விசிலடித்தது. சிலிண்டர் இனிமேல் கூடுதலாக ஒரு மாதம் வருமென்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அடுத்த வேளைதான் சோறு வேகவில்லை என்பது தெரிந்தது. கொதிப்பது வேறு, வேகுவது வேறு. அரிசியை வேகவைப்பது சூடே தவிரக் குமிழிகள் அல்ல, உயரமான மலைகளின் உச்சியில் உலை வைப்பவர்களும் இதே காரணத்தால்தான் அரைவேக்காட்டுச் சோறு தின்கிறார்கள் என்பதையெல்லாம் விளக்க அப்போது யாருக்கும் பொறுமை இருக்கவில்லை.

"கொதிக்குது டீச்சர், கொதிக்குது, கொதிச்சுக்கிட்டே இருக்குது, வேகத்தான் மாட்டேங்குது," என்று சத்துணவுக்கூடத்துச் சமையலம்மா ஜெபமலர் டீச்சரிடம் வந்து சொன்னாள். "நம்ம பிள்ளைக படிக்கிற மாதிரி."

ஜெபமலர் டீச்சர் அந்தப் பள்ளியில் அறிவியல் எடுத்தார். சமூக அறிவியல் பணியிடம் நெடுங்காலமாகக் காலியாகக் கிடந்ததால் அதையும் எடுத்தார். தனக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, மொய்க் கவரோடு சேர்த்து மணமகனின் தகப்பனாரிடம் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. பள்ளியின் அறிவியல் பெட்டியில் இருந்த வெப்பமானியை எடுத்துப்போய் உலையில் விட்டுப் பார்த்தார். பாதரசம் அறுபதில் நின்றது. அந்த எண்ணை அதே வாரம் ஒரு விடைத்தாளில் தாம் அடித்துப் பெருக்கல் குறி போட்டது நினைவுக்கு வர, அறைக்குத் திரும்பி அந்தத் தாளை எடுத்து மீதியையும் படித்தார். வவ்வால் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது. கோயில் கோபுரத்துக்கடியில் நாவல்பழ அளவில் சாம்பல்நிற முட்டைகள் கிடப்பதாகப் பிள்ளைகள் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர்தான் நம்பாமல் இருந்தார்.

காரணம் தெரிந்துவிட்டது, திருத்துவதுதான் கடினம். வெப்பமானியைக் காட்டி இசக்கிப்பிரியாவுக்குப் பாடம் சொல்ல முடியவில்லை. அந்த ஊரில் எந்தச் சோதனை செய்தாலும் விடை அந்தப் பெண்ணின் பக்கமே நின்றது. எனவே டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு, ஊர் எல்லையான பாலத்தைத் தாண்டி நடந்து, அடுத்த ஊர் டீக்கடைக்குப் போய், கடைக்காரரிடம் சொல்லி ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தார். அறுபது வந்தது. சட்டி சும்மா இருந்தது.

"இந்த ஊருத் தண்ணி மந்தமா டீச்சர்?" என்று இசக்கிப்பிரியா கேட்டாள்.

"மந்தமில்லட்டி. தண்ணியே இப்படித்தான். பேசாம பாரு."

எண்பது வந்தது, தொண்ணூறு வந்தது. பிறகு நூறுக்கு ஒரு மயிரிழை கீழே, ஏனென்றால் கரிசல் மேடு கடல்மட்டத்துக்குச் சற்றே உயரம், சட்டி முழுவதும் புரண்டு கொதித்தது. "அப்ப நூறுதானா," என்று அந்தப் பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே நொடியில் தூதுவளைப்பட்டியின் அத்தனை உலைகளும் ஒரு கணம் அடங்கி, பிறகு நிதானமாக, வேகவைக்கும் சூட்டை நோக்கி ஏறத் தொடங்கின. திரும்பி வருகிற வழியில் வவ்வாலையும் டீச்சர் விளக்கிவிட்டார். முட்டைகள் அன்றைக்கே மறைந்தன. வவ்வால்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இது இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் காலாண்டுத் தேர்வு வந்தது. சமூக அறிவியல் தாளில், கோடிட்ட இடத்தை நிரப்புக என்ற பகுதியில், தமிழ்நாட்டின் வற்றாத ஆறு எது என்று கேட்டிருந்தார்கள். இசக்கிப்பிரியா கோட்டின் மேல் உப்போடை என்று எழுதினாள்.

உப்போடை ஊருக்கு வடக்கே, எல்லைப் பாலத்துக்கு அடியில் கிடந்தது. ஓடை என்று அதற்குப் பெயர் வைத்தவர் நல்ல மனம் படைத்தவராக இருந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவில் மணல்; பையன்கள் அதில் கபடி விளையாடினார்கள், ஆடுகள் குறுக்கே போயின, பெண்கள் காலிக் குடத்தோடு அதன் வழியே இறங்கி, அக்கரையிலுள்ள அடிபம்பில் வரிசையில் நின்று, நிறைகுடத்தோடு அதன் வழியே ஏறி வந்தார்கள். தேர்வு முடிந்த மறுநாள் காலையில் இறங்கியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர் இருந்தது. அவர்கள் சற்று நேரம் நின்றார்கள். பிறகு, ஓடைக்கு நடுவிலேயே குடத்தை முக்கி நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நேரம் மிச்சம்.

டீச்சர் இசக்கிப்பிரியாவை அழைத்தார். "ஏன்ட்டி இப்படி எழுதின?"

"வத்தணும்னா மொதல்ல தண்ணி வேணும்ல டீச்சர். நம்ம ஓடையில தண்ணியே கெடையாது. அது எப்படி வத்தும்?"

இந்த வாதத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தபோதே தலைமையாசிரியர் நம்பிராஜன் உள்ளே வந்தார். தேர்ச்சி விழுக்காட்டை வண்ண அட்டையில் வரைந்து தம் இருக்கைக்குப் பின்னால் மாட்டிவைத்திருப்பவர் அவர். ஒரு மதிப்பெண்ணின் அருமை தெரிந்தவர்.

"விடை சரிதான டீச்சர்? ஓடுதுல்லா."

"பாடப்புத்தகத்துல தாமிரபரணின்னு இருக்கு சார்."

"புத்தகம் அச்சடிக்கும்போது இது ஓடல."

டீச்சர் அந்த விடைக்குச் சரியும் போடவில்லை, தவறும் போடவில்லை. அவருடைய பணிக்காலத்தில் அப்படி விடப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

ஊர் ஆற்றோடு பழகிக்கொண்ட விதம் ஆறு வந்த விதத்தைவிடச் சுவையானது. ஒரு வாரத்தில் படித்துறைக்குக் கல் வந்து இறங்கியது. ஆழமே இல்லாத இடத்தில் 'ஆழம் அதிகம், குளிக்காதீர்' என்று ஊராட்சி ஒரு பலகை நட்டது. பலகையைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்கள் அதனடியிலேயே குளித்தார்கள். வாத்துகள் வந்தன. தண்ணியில்லாக் காட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்த இரண்டு குடும்பங்கள், இப்போது ஜாதகம் பொருந்துவதாகச் சொல்லி அனுப்பின. நீச்சல் தெரியாத ஊர் என்பதால் ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, நீந்துவது எப்படி என்று கரையிலிருந்த ஒருவர் கையசைத்துக் காட்டியதைப் பார்த்தே பழகினார்கள். இடுப்பிலிருந்து அதில் இறங்கிய குழந்தைகளும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் இருந்த சிறுசுகளும், பழைய மணலைச் சீக்கிரமே மறந்து, ஊர் என்றால் ஆறு இருக்கும் என்றே நினைத்துக்கொண்டன.

வெந்நீர் விவகாரம் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. தலைவி சண்முகக்கனி, ஆட்டுப்பட்டி வைத்திருப்பவள், சுற்றி வளைக்காதவள்.

"டீச்சர், நீங்க நல்லா பாடம் நடத்துறீங்க. எங்களுக்கு அதுதான் பயமா இருக்கு."

"என்ன செய்யச் சொல்றீங்க?"

"இசக்கிக்கு மட்டும் கொஞ்சம் நடத்தாம இருங்க."

அப்படியே தீர்மானம் நிறைவேறியது. ஊர் அந்தப் பெண்ணைக் கொண்டாடியது. கருப்பட்டி மிட்டாயும் காரச் சேவும் வீடு தேடி வந்தன. அவள் ஏதேனும் சந்தேகம் கேட்டால், "அதெல்லாம் ஒனக்கு எதுக்குத் தாயி, விளையாடப் போ," என்று அன்போடு தலையைத் தடவி அனுப்பினார்கள். கூடவே, ஒரு பிள்ளையின் பிழைக்கே ஓர் ஆறு வருமென்றால் மற்றப் பிள்ளைகளும் முயலலாமே என்று பெற்றோர் தப்பாக எழுதுவதற்குத் தனிப்பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். சண்முகக்கனியின் மூத்த மகன், தூதுவளைப்பட்டி ஒரு ரயில் சந்திப்பு என்று எழுதினான். பஞ்சு வியாபாரியின் மகள், பருத்திச் செடியில் புழு விழாது என்று எழுதினாள். ரயில் வரவில்லை, புழு வந்தது. மனதார நம்பி எழுதுகிற தவறுதான் பலிக்கும், சொல்லிக்கொடுத்த தவறு வெறும் தவறுதான் என்பது ஊருக்குப் புரிவதற்குள் அரையாண்டுத் தேர்வும் முடிந்து, பள்ளியின் தேர்ச்சி ஒன்றியத்திலேயே கடைசிக்குப் போய், நம்பிராஜன் சாரின் வண்ண அட்டையில் கோடு சட்டத்துக்கு வெளியே சுவரில் இறங்கியது.

வட்டாரக் கல்வி அலுவலர் விசாரிக்க வந்தார். முழுக்கதையையும் கேட்டார். உப்போடையில் கால் நனைத்து, ஒரு கை அள்ளிக் குடித்தும் பார்த்தார்.

"இதை அறிக்கையில எழுத முடியாது சார்," என்றார்.

"எழுதாதீங்க சார்," என்றார் நம்பிராஜன். "நீங்க தப்பா எழுதி, அதுவும் நடந்துட்டா?"

அலுவலர் ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். பாலத்தைத் தாண்டியதும் கேன் காலியாக இருந்தது என்று பிறகு ஊருக்குச் செய்தி வந்தது.

இசக்கிப்பிரியாவுக்கு ஓர் அக்கா இருந்தாள், முத்துச்செல்வி. இதே பள்ளியில் எட்டு முடித்து, எழுத்துக்கூட்டியே படிக்கத் தெரிந்த நிலையில் கோவில்பட்டி உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் போய், இரண்டே மாதத்தில் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, இப்போது தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊர் சொல்கிற தொழிற்சாலையின் வேனில் தினமும் போய்வருகிறவள். அந்த வேன் காலையில் இசக்கிப்பிரியாவின் வீட்டு வாசலில்தான் நின்று ஆரனடிக்கும். எட்டாம் வகுப்பு முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. ஒன்பதுக்குப் போய் அங்கே நிலைப்பதா, வேனில் ஏறி அக்காவுக்குப் பக்கத்தில் உட்காருவதா என்பதுதான் இசக்கிப்பிரியாவின் முன் இருந்த கேள்வி. அதற்குக் கோடிட்ட இடமும் இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் நாள் அவள் டீச்சரின் மேசைக்கு வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் சொல்லித்தாறீங்க. எனக்கு மட்டும் மிட்டாயா டீச்சர்?"

அக்காவைப்போலவே அவளும் எழுத்துக்கூட்டித்தான் படித்தாள். அன்று மாலையிலிருந்தே, பள்ளி விட்டதும், டீச்சர் எழுத்திலிருந்து தொடங்கினார். ஊர் முணுமுணுத்தது, ஆற்றுப் பாடத்தைத் தொட மாட்டேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்ததும் அடங்கியது. வேகாமல் கொதித்துக்கொண்டிருந்த பெண் வேகத் தொடங்கினாள். முதலில் பஸ் பலகைகளைப் படித்தாள், பிறகு கடைச் சுவர்களை, பிறகு வடை மடித்து வந்த செய்தித்தாளைப் பிரித்து எண்ணெய்க் கறைக்கு அடியில் இருந்த செய்தியை. பங்குனிக் கடைசியில் பாடப்புத்தகங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வந்தாள். சமூக அறிவியல் புத்தகத்தை டீச்சர் புரட்டியபோது, நடுவில் ஒரு தாள் மடித்து, ஊக்குக் குத்தப்பட்டிருந்தது.

"இது என்னட்டி?"

"அது ஆத்துப் பக்கம் டீச்சர். அத மட்டும் படிக்க மாட்டேன்."

"முழுப் பரிட்சையில வந்தா?"

"கோட்டச் சும்மா விட்டுருவேன். ஒரு மார்க்குதான."

பிள்ளைகளின் அரை மதிப்பெண்ணுக்காக அதிகாரிகளோடு சண்டை போட்ட அந்த அம்மாளுக்கு, ஊக்கைக் கழற்று என்று சொல்லவும் வாய் வரவில்லை, இருக்கட்டும் என்று சொல்லவும் வரவில்லை. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். பாலத்துக்கடியில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்த வாக்கையும் தண்ணீரின் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டபடி நின்றதில் அவர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கிய முத்துச்செல்விதான் அவரைப் பாலத்தில் பார்த்து விசாரித்தாள். ஊக்கின் கதையைக் கேட்டதும் நேரே படித்துறைக்கு இறங்கினாள். தண்ணீரில் கையை முக்கி, விரல்களில் ஒட்டியிருந்த தீக்குச்சி மருந்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, அங்கே துவைத்துக்கொண்டிருந்த சண்முகக்கனியிடம் சொன்னாள்:

"எத்தே, எந் தங்கச்சி அந்தப் பக்கத்தப் படிக்கப் போறா."

"ஊருக்கே தண்ணிட்டி இது."

"ஒம்பதாங் கிளாஸ்ல எனக்கும் மொதல்ல ஒரே ஒரு பக்கந்தான் புரியல எத்தே. தாண்டிப் போயிரலாம்னு நெனச்சேன். அதுக்கடுத்த பக்கம் அதைக் கேட்டுச்சு, அதுக்கடுத்தது இதைக் கேட்டுச்சு. இன்னைக்கு வேன்ல போறேன்."

"எங்களுக்கு மட்டும் ஆசையாட்டி? கொடத்த யாரு சொமக்குறது?"

"நான் சொமக்கேன். சொமந்தவதான. ஊருக்குத் தண்ணி வேணும்னா ஊரு நம்பித் தப்பா எழுதட்டும். எந் தங்கச்சி மட்டும் ஏன் எழுதணும்?"

சண்முகக்கனி கையிலிருந்த சேலையை முறுக்கிப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள். படித்துறையில் மற்ற பெண்களும் துவைப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த வேனில் போனவர்கள் அல்லது போகிறவர்களின் தாய்மார்.

"ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லு," என்றாள் கடைசியில். "பாத்திரமெல்லாம் நெறச்சுக்கிடுதோம்."

ஊர் நிரப்பியது. குடங்கள், அண்டாக்கள், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் கொப்பரைகள், தெருமுனைத் தொட்டிகள், பால்வாடியின் பிளாஸ்டிக் டம்ளர்கள் எல்லாம் நிரம்பின. எருமைகளுக்கு மறுபடியும் ஒருமுறை குளியல் நடந்தது. மூன்றாம் நாள், மறுநாள் முழு ஆண்டுத் தேர்வு தொடங்கப்போகிற மாலையில், எல்லோரும் கரையில் கூடியிருக்க இசக்கிப்பிரியா படித்துறையில் நின்றாள். முத்துச்செல்வி ஊக்கைக் கழற்றி, இனித் தேவைப்படும் என்பதுபோலத் தன் சேலையில் குத்திக்கொண்டாள். டீச்சர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

இசக்கிப்பிரியா வாசித்தாள். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, கோடையிலும் பாய்வதற்கு அம்மலையில் பெய்யும் இரு பருவமழைகளும் காரணம் என்று வாசித்தாள். ஓர் ஆறு வற்றாமலிருக்க அதற்குத் தண்ணீர் இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க அதற்கொரு மலை வேண்டும், உப்போடைக்கு அப்படியொரு மலை இல்லை. அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கியபோது, அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதைக் கரையில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமலேயே தெரிந்துகொண்டார்கள். தண்ணீர் மெலிந்தது. கற்கள் தெரிந்தன. வாத்துகள் நீந்திக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன.

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. சண்முகக்கனி ஈர மணலில் இறங்கி வந்து அவள் தலையைத் தொட்டாள்.

"நல்லா வாசிச்ச பிள்ள. எழுத்தே கூட்டல நீ."

கூட்டம் கலைந்தது. சண்முகக்கனியின் கடைக்குட்டி தர்ஷினி, ஒன்றாம் வகுப்பு, மட்டும் மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஆறு எங்கம்மா?"

"போயிருச்சு."

"எப்ப வரும்?"

வராது என்று யாரும் சொல்லாததால் தர்ஷினி தன் பிளாஸ்டிக் டம்ளரை, வந்ததும் நிரம்பட்டும் என்று, மணலில் நிறுத்தி வைத்துவிட்டு அம்மா பின்னால் போனாள்.

மறுநாள் மேல்மாடியில் எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் எழுதிக்கொண்டிருந்தபோது, கீழே ஒன்றாம் வகுப்புக்கு வாய்மொழித் தேர்வு. ஆள் பற்றாக்குறையால் அதையும் ஜெபமலர் டீச்சரே எடுத்தார். பிள்ளை சொல்வதை அவர் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

"நம்ம ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?"

"ஆத்துலருந்து டீச்சர்," என்றாள் தர்ஷினி.

ஆறு நேற்றே போய்விட்டதே என்ற திருத்தம் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஓடை விடையைத் தவிர, வாழ்நாளில் ஒரு பிழையைக்கூடத் திருத்தாமல் விட்டிராத நாக்கு அது. அவர் அதைக் கடித்துக்கொண்டார். டீச்சரின் முகம் வாடியிருப்பதைப் பார்த்த தர்ஷினி, ஆறுதலாக, "நம்ம ஆறு வத்தாது டீச்சர்," என்றாள். அடுத்த பிள்ளையும் ஆற்றிலிருந்து என்றது. அதற்கடுத்ததும். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆற்றுக்கு முந்தைய ஊர் அவர்கள் நினைவிலேயே இல்லை. வரிசையின் கடைசிப் பிள்ளை சொல்லி முடித்தபோது, வடக்கே மணலில் நின்றிருந்த பிளாஸ்டிக் டம்ளர் சாய்ந்து, சுழன்று, மிதந்து போனது. மேல்மாடியில் இசக்கிப்பிரியா தண்ணீரின் சத்தத்தைக் கேட்டாள். ஒரு கணம் பேனா நின்றது. பிறகு, வற்றாத ஆறு எது என்ற அதே கேள்விக்கு, கோட்டின் மேல் தாமிரபரணி என்று எழுதினாள். ஆற்றின் சத்தம் குறையவில்லை.

ஜூனில் அவள் கோவில்பட்டிக்கு ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள், பஸ்ஸில். தீப்பெட்டி ஆபீஸ் வேன் அவள் வாசலில் இப்போதும் நிற்கிறது, ஒருத்திதான் ஏறுகிறாள். ஊரின் சிறுசுகளை அள்ளிக்கொண்டு போக வழக்கமாக வரும் தனியார் பள்ளி வேனோ அந்த ஆண்டு காலியாகத் திரும்பியது. ஒன்றாம் வகுப்பு நிறைந்தால்தான் ஓடை நிறையும் என்பதை ஊர் கணக்குப் போட்டுக்கொண்டது. பிள்ளைகளை ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்தார்கள். நம்பிராஜன் சார் பெஞ்சு கேட்டு எழுதினார், சுவருக்குப் புது வண்ண அட்டையும் வாங்கினார். ஒவ்வோர் ஆண்டும் எட்டாம் வகுப்பு ஆற்றுப் பாடத்தைப் படிக்கிற நாளில், ஒன்றாம் வகுப்பின் கதவைச் சாத்தி, உள்ளே உரக்கப் பாட்டுப் பாட வைக்கிறார்கள்.

அந்த வாய்மொழித் தேர்வின் தாள்களை ஜெபமலர் டீச்சர் அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், பாலத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து திருத்தினார். தர்ஷினியின் தாளில் அந்த விடைக்கு நேரே வந்ததும் சிவப்புப் பேனா நின்றது. அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து, அழுத்தாமல் ஒரு சரி போட்டார். எட்டாம் வகுப்புக்கு வரும்போது அழித்துக்கொள்ளலாம்.